பிள்ளை ஒல்லியா இருந்தா உங்களுக்கு என்னங்க?

முதல்லயே டிஸ்கியைப் போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுற சாதாரண ஆசாமி. ஆனா மூணு வயசுப் பொண்ணுக்கு அப்பன். என் பொண்ணு ஒல்லி. இதை எழுத இந்தத் தகுதி போதும்னு நினைக்கிறேன்.

நம்ம ஊர்ல ஒல்லியா ஒரு குழந்தையைத் தூக்கிக்கிட்டு நீங்க கல்யாண மண்டபத்துக்குள்ள நுழைஞ்சு பாருங்க. பந்தி போடுறதுக்குள்ள பத்து பேராவது இலவச மருத்துவ ஆலோசனை குடுத்துருவாங்க. சாம்பிளுக்குச் சில:

"ஏம்மா, பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?"

"காத்தடிச்சா பறந்துருவா போலிருக்கே!"

"எங்க பேரன் இவளைவிட ஆறு மாசம் சின்னவன். கொழுக் மொழுக்னு எப்படி இருக்கான் தெரியுமா?"

"வயித்துல பூச்சி இருக்கும். மருந்து குடு."

"தொக்கம் விழுந்திருக்கும். எங்க தெருவுல ஒரு ஆச்சி இருக்காங்க, ஊதி எடுத்துருவாங்க."

இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? இந்தக் கேள்வி எதுவும் என்னைப் பார்த்து வர்றதில்லை. பிள்ளை என் தோள்ல தூங்கிக்கிட்டிருக்கும். நானும் அங்கேதான் ஒட்டடைக் கம்பு மாதிரி நின்னுக்கிட்டிருப்பேன். ஆனா கேள்வி மட்டும் நேரா என் மனைவிகிட்ட போகும். 'நீ என்ன குடுக்கிற?', 'உனக்குப் பால் பத்தலையா?', 'வேலைக்குப் போறியே, யாரு ஊட்டுறா?' எடை குழந்தையோடது, தீர்ப்பு அம்மாவுக்கு. காலேஜ்ல 'காத்தாடி'ன்னு பட்டம் வாங்கின அப்பன் பக்கத்துலயே நிக்கிறானே, அவன்கிட்ட ஒரு கேள்வி கேட்கலாமேன்னு ஒருத்தருக்கும் தோணாது.

இது அக்கறை இல்லைங்க. அக்கறைங்கிற பேர்ல நடக்கிற வன்முறை. சும்மா கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க, கணக்கோட வர்றேன்.

1. சராசரின்னா என்ன சாமி?

நூறு ஆரோக்கியமான குழந்தைகளை எடைப்படி வரிசையா நிக்க வைங்க. யாராவது ஒருத்தர் முதல்ல நின்னுதானே ஆகணும்? நடுவுல நிக்கிற குழந்தையோட எடைதான் சார்ட்ல பெரிய கோடா போட்டிருக்கிற எடை. அதுக்குக் கீழே பாதிப்பேர் இருக்கிறது நோய் இல்லை, எண்கணிதம். 'எல்லாக் குழந்தையும் நடுக்கோட்டுக்கு மேல இருக்கணும்'னு கேக்கிறது, கிளாஸ்ல எல்லாரும் முதல் ரேங்க் எடுக்கணும்னு கேக்கிற மாதிரி.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. 'வெள்ளைக்காரன் சார்ட் நம்ம பிள்ளைக்கு ஒத்து வராது'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல்: பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்ட சார்ட் அது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லிக்காரங்க. நல்ல சாப்பாடு, சுத்தம், தாய்ப்பால், தடுப்பூசி எல்லாம் கிடைச்சா எந்த ஊர்ப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளரும்னு அதுல தெரிஞ்சது.

அந்தச் சார்ட்படி பெண் குழந்தைக்கு நடு எடை: பிறக்கும்போது 3.2 கிலோ, ஒரு வயசுல 8.9, ரெண்டு வயசுல 11.5, மூணு வயசுல 13.9.

என் பொண்ணு: பிறந்தப்ப 2.6. ஒரு வயசுல 7.4. ரெண்டுல 9.6. இப்ப 11.6.

'பார்த்தியா, ரெண்டு கிலோவுக்கு மேல கம்மி'ன்னு துள்ளாதீங்க. ஒத்தை எண்ணை வெச்சுக்கிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. சர்வர் மெதுவா ஓடுதுன்னு புகார் வந்தா ஒரு நொடியோட சிபியு கணக்கைப் பார்த்தா நாங்க தீர்ப்பு சொல்றோம்? லாக்கை எடுத்து மாசக்கணக்குல வரைஞ்சு பார்ப்போம். பிள்ளைக்கும் அதேதான். மேலே இருக்கிற நாலு எண்ணையும் சார்ட்ல புள்ளி வெச்சா, நாலுமே மூணாவது சதமானக் கோட்டுக்கும் பதினைஞ்சாவது கோட்டுக்கும் நடுவுல வந்து உட்காருது. பிறந்த அன்னைக்கு எந்தத் தடத்துல ஏறினாளோ அதே தடத்துலதான் இன்னைக்கும் போறா. உயரமும் அதுபாட்டுக்கு ஏறுது. வண்டி சின்ன வண்டிதான், ஆனா தண்டவாளத்தை விட்டு இறங்கல.

பார்க்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான். பக்கத்து வீட்டுப் பேரனை இல்லை.

2. 'முன்னெல்லாம் நல்லா சாப்பிட்டா, இப்ப வாயே திறக்க மாட்டேங்கிறா'

இது எல்லா வீட்லயும் ஒலிக்கிற புலம்பல். ஒரு வயசு வரை கிண்ணத்தைக் காலி பண்ணின பிள்ளை, ஒண்ணரை வயசுல ரெண்டு வாய் வாங்கிட்டு ஓடிடும். உடனே கண்ணு பட்டுருச்சுன்னு மிளகாய் சுத்திப் போடுவாங்க.

கண்ணும் இல்லை காத்தும் இல்லை. முதல் வருஷம் ஒரு குழந்தை சுமார் ஆறு கிலோ ஏறுது. ரெண்டாவது வருஷம் ரெண்டரை கிலோ. அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு கிலோ சுமார்தான். வளர்ற வேகம் குறையும்போது பசியும் குறையத்தானே செய்யும்? முதல் வருஷ வேகத்துலயே போனா பத்து வயசுல 60 கிலோ தாண்டி நிக்கும், பரவாயில்லையா?

இன்னொண்ணு. அஞ்சு, ஆறு வயசுல இருக்கிற பிள்ளைங்கதான் உயரத்துக்கு எடை பார்த்தா ரொம்ப மெலிஞ்சு தெரியும். விலா எலும்பு எண்ணலாம். அது இயற்கை போட்ட அட்டவணை. 'பால் குடிக்கிறப்ப அமுல் பேபி மாதிரி இருந்தான், ஸ்கூலுக்குப் போனதும் இளைச்சுட்டான்'னு டீச்சரைத் திட்டாதீங்க.

3. திணிக்கிறது

இப்ப கொடுமையான பகுதிக்கு வர்றேன். மூக்கைப் பிடிச்சு வாயைத் திறக்க வைக்கிறது. அழும்போது வாய் திறக்குமே, அந்தக் கேப்ல கவளத்தை உள்ளே தள்ளுறது. சங்குல ஊத்தித் தொண்டையில இறக்குறது. அழுற பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது சோறு உணவுக்குழாய்க்குப் பதிலா மூச்சுக்குழாய்க்குப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பார்த்திருக்கோமா? நிமோனியா வரலாம். மூச்சே அடைக்கலாம். தொக்கம் எடுக்கிறேன்னு வாய்க்குள்ள ஊதி, தொண்டைக்குள்ள விரல் விடுறதும் அதே ரகம்தான். புண்ணு, ரத்தக்கசிவு, கிருமின்னு இலவச இணைப்பு வேற.

அடி உதை இல்லாத நாகரிகமான வழி ஒண்ணு இருக்கு. செல்போன். முன்னே நிலாவைக் காட்டி ஊட்டினோம், இப்ப யூட்யூப்ல பொம்மைப் பாட்டு. நிலா பதிலுக்கு ஆடாது பாடாது, பிள்ளைக்குத் தான் சாப்பிடுறது தெரியும். செல்போன் முன்னாடி உட்கார்ந்தா வாய்க்குள்ள போறது இட்லியா, காகிதமான்னே தெரியாது. நாம 'இன்னைக்கு நாலு இட்லி'ன்னு பெருமைப்பட்டுக்கிறோம். வயிறு நிறைஞ்சுருச்சுன்னு சொல்ற ஒரு சென்சார் அந்தக் குழந்தைக்குப் பிறவியிலயே இருக்கு. அதை நாமளே பிடுங்கிப் போடறோம்.

அந்த சென்சார் நிஜமா வேலை செய்யுமான்னு சந்தேகமா? 1920-கள்ல கிளாரா டேவிஸ்னு ஒரு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஒரு வேலை பண்ணினார். தாய்ப்பால் மறந்த பதினைஞ்சு குழந்தைகள் முன்னாடி காய், பழம், பால், கறி, தானியம்னு முப்பது சொச்சம் எளிமையான உணவு வகைகளை வெச்சு, எதையும் ஊட்டாம, எதையும் தடுக்காம விட்டார். ஒருநாள் முட்டையா தின்னாங்க, ஒருநாள் பழமா தின்னாங்க. எந்த வேளையைப் பார்த்தாலும் கோமாளித்தனம். ஆனா மொத்தத்துல எல்லாரும் நல்லா வளர்ந்தாங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அதை அவரே சொன்னார்: வெச்ச தட்டுல சர்க்கரையோ மைதா அயிட்டமோ கிடையாது. அதாவது எதை வைக்கணும்கிறது பெரியவங்க பொறுப்பு. எவ்வளவு சாப்பிடணும்கிறது பிள்ளை பொறுப்பு. பின்னாடி எலின் சாட்டர்னு ஒரு உணவியல் நிபுணர் இதையே ஒரு விதியா எழுதி வெச்சாங்க: என்ன, எப்ப, எங்கே என்பது பெற்றோர் கையில, சாப்பிடறதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தை கையில.

2006-ல் அமெரிக்காவில் இன்னொரு சின்ன ஆராய்ச்சி. 'சூப்பைக் குடிச்சு முடி, முடி'ன்னு நச்சரிச்சா என்ன ஆகுதுன்னு மழலைப் பள்ளிக் குழந்தைகள்கிட்ட சோதிச்சாங்க. நச்சரிச்சப்ப குறைவா குடிச்சாங்க, அந்த சூப்பைப் பத்திக் குறையும் சொன்னாங்க. இதுக்கு ஆராய்ச்சி வேணுமா? நம்ம மேனேஜர் மணிக்கொரு தடவை 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா'ன்னு கேட்டா நாம என்ன பண்றோம்? :-)

4. டப்பா வியாபாரம்

நம்ம பயம் யாருக்கு லாபம்? 'டாலர், ஸ்ட்ராங்கர்'னு டிவில கத்துற டப்பாக்காரங்களுக்குத்தான்.

ரெண்டு வயசு வரை குழந்தை உணவுக்கு விளம்பரமே பண்ணக்கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் இருக்கு. 1992-ல் வந்து 2003-ல் இறுக்கின சட்டம். பால்மாவு டப்பா மேல குழந்தை படம்கூடப் போடக்கூடாது. ஆனா ரெண்டு வயசு தாண்டிட்டா கேட்டைத் திறந்து விட்டாச்சு. உங்க பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளையைவிடக் குட்டைன்னு டிவி தைரியமா சொல்லும். பல வருஷம் இதை 'ஹெல்த் டிரிங்க்'னு வித்தாங்க. அப்படி ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல வரையறுக்கப்படலன்னு சொல்லி, ஏப்ரல் 2024-ல் மத்திய அரசு இணையக் கடைகளை அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை எடுக்கச் சொன்னது. தலைப்பு போச்சு. மனசுல பதிஞ்சது போகுமா?

ஒரு கணக்கு போடுங்க. மூணு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது தோராயமா ஆயிரம் கிலோ கலோரி. 'சாப்பிடவே மாட்டேங்கிறா'ன்னு நாம குடுக்கிற மூணு டம்ளர் பால் சுமார் 350. அதுல போடுற மாவும் சர்க்கரையும் சேர்த்து 200. நடுவுல நாலு பிஸ்கட் 90. ஆக 640 ஏற்கெனவே உள்ளே போயாச்சு. மிச்சம் இருக்கிறது 360. ரெண்டு இட்லி, கொஞ்சம் பருப்புசாதம், அவ்வளவுதான் பாக்கி. இதுல மதியம் ஒரு கிண்ணம் சோறு முழுசா இறங்கலைன்னு ஒப்பாரி. சாப்பிடாததால பால் குடுக்கிறோம்னு நாம நினைக்கிறோம். பால் குடிக்கிறதாலதான் பிள்ளை சாப்பிடல. போதாக்குறைக்கு, பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. அரை லிட்டருக்கு மேல போகப் போகச் சோறும் குறைஞ்சு, ரத்தசோகைக்கு வாசல் திறக்கும்.

அப்புறம் 'பசி டானிக்'. மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாமலே சர்வசாதாரணமா வாங்கிட்டு வர்ற பல பாட்டில்கள்ல இருக்கிறது சைப்ரோஹெப்டடின். அலர்ஜிக்கான மருந்து அது. பசியைத் தூண்டுறது அதோட பக்கவிளைவு, தூக்கம் இன்னொரு பக்கவிளைவு. பிள்ளை கொஞ்சம் தின்னும், சொக்கிக்கிட்டுக் கிடக்கும், நிறுத்தினா பழையபடி. டாக்டர் ஒரு காரணத்தோட எழுதினா அது வேற. சித்தப்பா சொன்னார்னு வாங்கிக் குடுக்கிறது வேற.

5. கொழு கொழுன்னா ஆரோக்கியமா?

டெல்லியில் 1969-லிருந்து 1972 வரை பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து, அவங்க 26-லிருந்து 32 வயசு ஆனப்ப ரத்தத்துல சர்க்கரை பார்த்தாங்க. 2004-ல் வெளியான அந்த முடிவு நம்மளை உலுக்கியிருக்கணும். சர்க்கரை நோயோ அதுக்கு முந்தின கட்டமோ வந்தவங்க ரெண்டு வயசு வரை ஒல்லியா இருந்தவங்க, அப்புறம் சீக்கிரமே சதை போட ஆரம்பிச்சவங்க. பன்னிரண்டு வயசுல அவங்க யாருமே 'குண்டு'ங்கிற கணக்குல கூட வரல. அதாவது சின்னதாப் பிறந்த நம்ம பிள்ளைக்கு, ரெண்டு வயசுக்கு மேல அவசர அவசரமா சதை ஏத்துறது வரம் இல்லை. உயரம் ஏறட்டும், ஓடியாடித் தசை ஏறட்டும். கல்யாண மண்டபத்து ஆளுங்க கன்னத்தைக் கிள்ளறதுக்காகக் கொழுப்பு ஏற வேண்டாம்.

இதுல பெண் பிள்ளைங்களோட கதை இன்னும் கேவலம். மூணு வயசுல 'ஊசி மாதிரி இருக்கா'ன்னு சொன்ன அதே வாய், பதினஞ்சு வயசுல 'கொஞ்சம் வாயைக் கட்டும்மா, நாளைக்கு ஒருத்தன் கட்டிக்கணும்ல'ன்னு சொல்லும். எந்த வயசுலயும் அவ உடம்பு அவளுக்குச் சரியா இருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

6. அப்ப கவலையே வேண்டாமா?

வேணும். இடம் தெரிஞ்சு வேணும். 'எங்க பரம்பரையே ஒல்லி'ங்கிறதும் எல்லாத்துக்கும் பதில் ஆகாது. அந்தப் பரம்பரை ஏன் ஒல்லியாச்சு? மூணு தலைமுறையா அரை வயித்துக் கஞ்சி குடிச்சதாலயும் இருக்கலாம்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, நம்ம தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தைகள்ல நூத்துக்கு 22 பேர் வயசுக்கேத்த எடை இல்லாதவங்க. 25 பேர் வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க. 57 பேருக்கு ரத்தசோகை. இது எண்கணிதம் இல்லை, இது பசியும் நோயும். இந்தப் பிள்ளைங்க செங்கல் சூளை ஓரத்துலயும், கட்டடம் கட்டுற இடத்துல சாக்கு ஊஞ்சல்லயும் இருக்கு. அவங்களைப் பார்த்து 'ஐயோ, ஒல்லியா இருக்கானே'ன்னு யாரும் நின்னு கேட்டு நான் பார்த்ததில்லை. மூணு வேளையும் ஊட்ட நாலு பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்த அக்கறை எல்லாம்! என் கோபத்துல பாதி இதுதான்.

எப்ப டாக்டர்கிட்ட ஓடணும்? எனக்கு எங்க குழந்தைகள் மருத்துவர் சொல்லிக் குடுத்தது:

- எடைக் கோடு தன் தடத்தை விட்டு ரெண்டு தடம் கீழே இறங்கினா.
- மாசக்கணக்கா எடை ஏறவே இல்லைன்னா, இல்லை குறைஞ்சா.
- உயரமும் சேர்ந்து நின்னு போனா.
- அடிக்கடி பேதி, விடாத இருமல், காய்ச்சல், வீட்ல யாருக்காவது காசநோய்.
- வெளிறின முகம், சோர்வு, கால் வீக்கம், மண்ணு திங்கறது.
- சார்ட்ல கடைசிக் கோட்டுக்கும் கீழே இருந்தா, 'ஜீன்'னு சமாதானம் சொல்லிக்காம ஒரு தடவை முழுசாப் பரிசோதனை.

இது எதுவும் இல்லாம, ஓடுது, ஏறுது, குதிக்குது, கேள்வி கேட்டு உசிரை வாங்குது, வயசுக்கேத்த பேச்சு பேசுதுன்னா, விடுங்க சாமி.

எடை பார்க்க ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம். தெருவுக்குத் தெரு அங்கன்வாடி இருக்கு. 1975-லிருந்து நடக்கிற திட்டம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சுன்னு பட்டை போட்ட வளர்ச்சி அட்டையில மாசா மாசம் புள்ளி வெக்கிறது அந்த அக்காக்களோட வேலை. ஐ.டி. கம்பெனி ஐடி கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அங்கே போய் நிக்க நமக்குத்தான் கூச்சம். பூச்சி மருந்தும் அங்கேயே கிடைக்கும்; பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் குடற்புழு நீக்க நாள் அன்னைக்குப் போட்டா போதும். 'ஒல்லியா இருக்கா'ன்னு மாசாமாசம் ஊத்த வேண்டியதில்லை.

ஆகவே பெருமக்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒல்லியா ஒரு பிள்ளையைப் பார்த்தா அதோட அம்மாவைக் குறுக்கு விசாரணை பண்ணாதீங்க. ஒரு அம்மா ராத்திரி தூங்காம 'நான் சரியா வளர்க்கலையோ'ன்னு அழறதுக்கு உங்க ஒரு வரி போதும். குனிஞ்சு அந்தப் பிள்ளைகிட்ட 'உன் பேர் என்ன, என்ன விளையாட்டு விளையாடுவே?'ன்னு கேளுங்க. பதில் வரும். அந்தப் பதில்ல தெரியும் ஆரோக்கியம், கன்னத்துச் சதையில தெரியாது.

அப்படியும் கேட்டே ஆகணும்னா, பக்கத்துல நிக்கிற அப்பனைக் கேளுங்க. பதில் சொல்ல நான் ரெடி.

பி.கு: 'எல்லாம் சரிப்பா, எதுக்கும் நேந்திரம்பழம் குடுத்துப் பாரேன்'னு சொல்ல வர்றவங்களுக்கு: குடுத்தாச்சு. அவளுக்குப் பிடிக்கும். விரும்பித்தான் சாப்பிடுறா. ஆனாலும் ஒல்லிதான்.